கூலியும் பழியும்: புலம்பெயர் பெற்றோரையும் அவர்தம் குடும்பங்களையும் பற்றிய சமூக மதிப்பீடு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1

கடல் கடந்து உழைக்கச் செல்வோரையும் அவர்கள் ஊரில் விட்டுச் செல்லும் குடும்பங்களையும் பற்றிச் சமூகம் கொள்ளும் மதிப்பீடு, எல்லாக் காலங்களிலும் எல்லா வகுப்பினர் தொடர்பாகவும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. ஒரு சாராரின் பயணம் குடும்பத்தின் பெருமையாகக் கொள்ளப்படுகையில், பிறிதொரு சாராரின் பயணம் அவர்தம் பிள்ளைகள் மீதும் முதிய பெற்றோர் மீதும் பழியாகப் படிகின்றது. இவ்வேறுபாட்டின் அடிப்படை யாது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பற்றி நம் நாட்டில் வெளிவரும் எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். அனுப்பப்படும் பணத்தைக் கணக்கிடுவன ஒரு வகை. சிதைந்த குடும்பங்களைச் சுட்டி இரங்குவன மற்றொரு வகை. முன்னவற்றை எழுதுவோர் பொருளியலாளர். பின்னவற்றை எழுதுவோர் பத்திரிகையாளரும் சமய, சமூக சேவையாளருமாவர். இவ்விரு வகை எழுத்துக்களும் தம்முட் சந்திப்பதில்லை. பணமும் பழியும் ஒரே உழைப்புறவின் இரு விளைவுகள் என்பது இதனால் மறைந்துபோகின்றது. அவ்வுறவை வரலாற்றின் போக்கில் வைத்து நோக்குமிடத்தே பழியின் தொழிற்பாடு தெளிவாகும் என்பது நமது கருத்து.

2

நமது நோக்கிற்குத் தலைநகரின் வடகிழக்கு விளிம்பிலுள்ள ஒருகொடவத்தையைத் தொடக்கமாகக் கொள்வது பொருத்தமாகும். கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, கொலன்னாவ ஆகிய பகுதிகளுக்கு அண்மையில், களனி ஆற்றுக்கு அதிக தொலைவில்லாமல் அமைந்துள்ள இடம் அது. சிங்களத்தில் 'ஒரு' என்பது வள்ளங்களையும், 'கொட' என்பது கரையை அல்லது மேட்டு நிலத்தையும், 'வத்த' என்பது தோட்டத்தையும் குறிக்கும். இன்று அங்கு கொள்கலன் தளங்களும் பண்டகசாலைகளும் அவற்றினிடையே நெருக்கமான குடியிருப்புகளும் காணப்படுகின்றன. துறைமுகத்தில் இறங்கும் பண்டங்கள் தங்கிச் செல்லும் இவ்விடத்தைச் சூழ்ந்த பகுதிகளிலே தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன.

கொழும்புத் தமிழிலே 'தோட்டம்' என்னுஞ் சொல்லுக்குத் தனிப்பொருளுண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டு, பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பே தோட்டம் எனப்பட்டது. மலையகத்திலே தேயிலை வளரும் நிலமும் தோட்டமே. இரண்டிடத்தும் 'தோட்டத்து ஆள்' என்பது இருப்பிடத்தைக் குறிப்பதுடன் நில்லாது, இழிவையும் சேர்த்தே உணர்த்தும். வடகொழும்பின் தோட்டங்களிலிருந்து கடந்த ஐந்து தசாப்தங்களாகப் பெண்கள் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் ஏனைய மேற்காசிய நாடுகளுக்கும் வீட்டுப் பணிக்குச் சென்று வந்துள்ளனர். அவர்களுட் பெருந்தொகையினர் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்.

இதே நகரின் தென்பகுதியில் அமைந்தது வெள்ளவத்தை. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னரும், வடக்கிலே போர் நீடித்த காலத்திலும், கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோரின் உறவினர் பலர் அங்கு அடுக்குமாடிகளில் வாழத் தலைப்பட்டனர். அங்கும் குடும்பங்கள் பிரிந்தே வாழ்கின்றன; அங்கும் வெளிநாட்டுப் பணத்திலேயே வீட்டுச் செலவு நடைபெறுகின்றது; அங்கும் முதியோர் தனித்திருக்கின்றனர். ஆயினும் 'பிள்ளை கனடாவில்' என்னும் தொடர் திருமணப் பேச்சிலே குடும்பத்தின் மதிப்பை உயர்த்துகின்றது. 'தாய் குவைத்தில்' என்னும் தொடரோ அதே பேச்சிலே தயக்கத்தைத் தோற்றுவிக்கின்றது. போரினால் உயிர்தப்பி ஓடியோரின் துயரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிரிவு என்னும் நிகழ்ச்சி மாத்திரமே பழிக்குக் காரணமாயின் இவ்விரு தொடர்களும் ஒரே விளைவையே தந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் சுட்ட விழைவது. பழிக்கான காரணத்தைப் பிரிவுக்கு அப்பாலே தேடவேண்டியுள்ளது.

3

19ஆம் நூற்றாண்டிலே கண்டிப் பிரதேசத்தில் கோப்பிப் பெருந்தோட்டங்கள் விரிவுற்ற காலத்தில், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் பருவந்தோறும் வந்து மீண்டனர். கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களிலே தோட்டத்துரைக்கு வேண்டியிருந்தது வளர்ந்த உடல் ஒன்றே. அவ்வுடலைப் பெற்று வளர்த்த செலவும், நோயிலும் முதுமையிலும் அதனைப் பராமரிக்கும் செலவும் தமிழ்க் கிராமத்தையே சார்ந்திருந்தன. தோட்டம் கொடுத்த கூலியில் இச்செலவுக்கு இடமிருக்கவில்லை. மலிவுழைப்பு எனப்படுவதன் உட்பொருள் இதுவேயாகும்.

சென்றோரிற் பெரும்பாலார் நிலமற்றோர், சாதியால் ஒடுக்கப்பட்டோர், கடனாற் பிணிக்கப்பட்டோர். அவர் புறப்பாடு பண்ணையாருக்கு ஆளிழப்பாகும். ஆதலின் 'கண்டிச் சீமைக்கு ஓடிப்போனவர்' என்னும் பேச்சிலே உழைப்பாளரை இழந்த நிலவுடைமையாளரின் சினமும் கலந்திருந்தமை கருதத்தக்கது. போனவரின் குடும்பத்தைப் பண்ணையில் விட்டுச்சென்ற பிணையாகவே உடைமையாளர் கருதினர். கங்காணி கொடுத்த முன்பணமோ மறுகரையில் வேறொரு பிணையை உண்டாக்கியது. தொழிலாளியின் கடனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு மாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது.

இவ்விடத்துச் சொல் ஒன்றின் வரலாறு நமக்குத் துணைபுரியும். தமிழிலே கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். காலனித்துவ ஆட்சியின் ஆவணங்களிலே அது ஊதியம் பெறும் மனிதரின் பெயராயிற்று; பின்னர் அவரின் பிள்ளைகளுக்கும் பெயராகி, வசைச்சொல்லாக நிலைத்தது. ஊதியம் பெறுதல் இழிவன்று. எல்லா உத்தியோகத்தரும் ஊதியம் பெறுவோரே. எனினும் ஊதியத்தாற் குடும்பத்தைப் பேண முடியாத அளவுக்கு அது தாழ்த்தப்பட்டபோது, தாழ்வு ஊதியத்தை விட்டு ஆளின் மீது ஏற்றப்பட்டது. இங்ஙனம் உழைப்புறவின் தன்மை மனிதரின் குணமாகத் தோற்றங் காட்டுவதே பழியின் முதற் பண்பாகும்.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால் பெண்களும் பிள்ளைகளும் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டனர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமுமாகும். குடும்பத்தையே ஓர் உழைப்புத் தொகுதியாகத் தோட்டமுறை கணித்தது என்பதற்கு இவ்வட்டவணையே சான்று. பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி கிட்டுவதற்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

அக்காலத்து இலக்கியமும் இங்கு நோக்கற்பாலது. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி', கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட 'தூரத்துப் பச்சை' ஆகியன இப்புலப்பெயர்வைப் பொருளாகக் கொண்டன. தோட்டத்திலே பெண்ணுக்கு நேரும் கொடுமையை வெளிப்படுத்தியமை இத்தகைய படைப்புகளின் பெரும் பங்களிப்பாகும். ஆயினும் அவற்றைப் படித்த மத்தியதர வர்க்கம், பெண்ணின் உழைப்புச் சுரண்டப்படுவதைக் காட்டிலும் அவள் கற்புக்கு நேரும் கேட்டிலேயே தன் கவனத்தைச் செலுத்தியது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களிலோ கங்காணியும் கடனும் கூலியுமே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. உழைத்தோரின் வாய்மொழியும் கற்றோரின் இரக்கமும் வேறுபடுமிடம் இதுவாகும்.

4

ஏறத்தாழ இதே காலத்திலே, 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலாக, யாழ்ப்பாணத்து ஆங்கிலங் கற்ற இளைஞர் மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதியிலும் நில அளவை, பொதுவேலைத் திணைக்களங்களிலும் எழுதுவினைஞராகவும் தொழில்நுட்ப உதவியாளராகவும் அவர்கள் பணியாற்றினர். தாய் தந்தையரையும், சிலபோது மனைவி மக்களையும், ஊரில் விட்டே பலர் சென்றனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகள் கல்வீடுகளாயின; காணிகளாயின; சகோதரிகளின் சீதனமாயின. ஓய்வுபெற்று மீண்டவர் 'மலாயாப் பென்சனியர்' என மதிக்கப்பட்டார். ஊரில் இருந்த பிள்ளை தந்தையின்றி வளர்ந்தமை குடும்பத்தின் குறையாகச் சொல்லப்படவில்லை.

கூலியாகச் சென்றவரும் எழுதுவினைஞராகச் சென்றவரும் பிரித்தானியப் பேரரசின் தேவைக்காகவே பெயர்ந்தவராவர். இருவரின் குடும்பங்களும் பிரிந்திருந்தன. ஆயின் எழுதுவினைஞரின் சம்பளமும் ஓய்வூதியமும் அவர் குடும்பத்தின் வாழ்வுக்கும் அடுத்த தலைமுறையின் கல்விக்கும் போதியனவாயிருந்தன. காணியுடைய சாதியினரின் மதிப்பு அவருக்கு முன்னரே கிடைத்திருந்தது. அவர் பிரிவு தியாகமாகப் பொருள்கொள்ளப்பட்டது. கூலித் தொழிலாளியின் பிரிவோ கைவிடலாகப் பொருள்கொள்ளப்பட்டது. மதிப்பீட்டை நிருணயித்தவை வர்க்கமும் சாதியுமே என்பது இவ்வொப்பீட்டாற் புலனாகும்.

5

கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு வேலைகள் 1875இல் தொடங்கப்பெற்ற பின்னர், துறைமுகத்திலும் மாநகரசபையின் துப்புரவுப் பணியிலும் புகையிரதப் பகுதியிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். வடகொழும்பின் தோட்டங்கள் அவர்களாலும் நிறைந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது இவர்களுக்கெதிரான பிரசாரம் வலுவடைந்தது. தொழிற்சங்க முன்னோடியாகிய ஏ. ஈ. குணசிங்கவே மலையாளத் தொழிலாளருக்கெதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தியமை நமது தொழிலாளர் இயக்க வரலாற்றின் கசப்பான பகுதியாகும். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களின் நாட்கூலி இந்தியத் தொழிலாளரை நீக்கும் திட்டம் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் பெயர்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நீண்டகாலப் போக்குவரத்தைக் குற்றமாக மாற்றின. 'கள்ளத்தோணி' என்னுஞ் சொல் இதன் பின்னரே இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் மீதும் ஏவப்பட்டது. முன்னர் ஊதியம் ஆளின் பெயரானது போல, இப்போது பயணஞ் செய்த கலமே ஆளின் பெயராயிற்று. வள்ளங்களின் பெயரையே தாங்கிய ஓர் ஊரின் அயலிலே, தோணி வசையாக ஒலித்தது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் 1974இல் பாதி பாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. இங்ஙனம் அனுப்பப்பட்டோர் நீலகிரியிலும் பிற இடங்களிலும் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கு எஞ்சியிருந்தோர் 'இந்தியாக்காரர்' எனப்பட்டனர். தாத்தா பெயர்ந்த பயணத்தின் பழியைப் பேரப்பிள்ளை இரு நாடுகளிலும் சுமந்தது.

6

1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் மேற்காசிய நாடுகளிலே வீடுகட்டுதற்கும் வீடுபேணுதற்கும் ஆட்கள் வேண்டப்பட்டனர். 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. உணவு மானியம் குறுகிற்று. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றோரில் நால்வருள் மூவர் பெண்கள். அவரிற் பெரும்பாலார் வீட்டுப் பணிப்பெண்கள். 2020இல் புலம்பெயர்ந்தோர் நாட்டுக்கு அனுப்பிய தொகை 700 கோடி அமெரிக்க டொலரை விஞ்சியது.

இத்தாய்மார் மீதும் அவர்தம் குடும்பத்தார் மீதும் சுமத்தப்படும் பழி பல கூறுகளையுடையது. பிள்ளை பாடசாலையிற் பின்தங்கின் தாய் இல்லாமையே காரணமென்பர். முன்னேறின் அது காரணமாகச் சொல்லப்படுவதில்லை. கணவன் குடித்தால் 'அவள் அனுப்பும் காசு' என்பர். அவன் குடிப்பதற்கும் அவளே காரணமாவாள். பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மா 'மகளை அனுப்பிவிட்டு உண்பவள்' எனப்படுவாள். மீண்டு வந்தவளின் உடையும் நடையும் ஐயத்துடன் நோக்கப்படும். அங்கு அவள் அடிபட்டாளோ, சம்பளமின்றி உழைத்தாளோ என்று கேட்பதற்கு முன்னரே அவள் ஒழுக்கம் பற்றிக் கேட்கப்படும். கொடுமைக்குள்ளான பெண்கள் பலர் அதனை வெளியிடாது மௌனங் காப்பதற்கு இக்கேள்வியே காரணமாகின்றது. ஆக, பழி என்பது மனவருத்தம் மட்டுமன்று. முறைப்பாட்டைத் தடுத்து, முகவரையும் எசமானரையும் காக்கும் அரணாகவும் அது தொழிற்படுகின்றது.

மானிடவியலாளர் மிஷேல் காம்பர்ட் தென்னிலங்கைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட நூல், குடிகாரக் கணவன், கைவிடப்பட்ட பிள்ளை என்னும் வாய்பாட்டுச் சித்திரங்கள் எத்துணை வலிமை வாய்ந்தவை என்பதைக் காட்டிற்று. சிங்களக் கிராமத்திற் காணப்பட்ட இந்நிலை வடகொழும்புத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்துவது வியப்பன்று. இனத்தால் வேறுபட்டோர் ஒரே பழியைச் சுமப்பது, அதன் வேர் ஒரு தனி இனத்தின் பண்பாட்டில் இல்லை என்பதை உணர்த்துகின்றது.

7

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் வாழ்வு இதனை மிகக் கொடிய வடிவிற் காட்டியது. வறிய குடும்பத்தின் மகளான அவர், பிறந்த ஆண்டு மாற்றப்பட்ட கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை பாலூட்டுகையில் இறந்தது. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது. பிள்ளைபராமரிப்பிற் பயிற்சியற்ற ஒரு சிறுமி அவ்வேலையில் அமர்த்தப்பட்டமைக்கு முகவர் வலைப்பின்னலும், ஆவணங்களைச் சரிபாராத நிருவாகமும், பணிப்பெண்ணுக்குத் தொழிற்சட்டப் பாதுகாப்பு வழங்காத நாடும் பொறுப்பாயிருக்க, 'பெற்றோர் ஏன் அனுப்பினர்' என்னும் வினாவும் பொதுவெளியில் எழுந்தது.

அரசாங்கம் கண்ட பரிகாரம் யாது? 2007 மார்ச்சில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்க அமைச்சரவை எடுத்த முடிவு எதிர்ப்பினால் நடைமுறைக்கு வரவில்லை. 2013இலோ 'குடும்பப் பின்னணி அறிக்கை' சுற்றறிக்கை மூலம் அது நடைமுறையாயிற்று. பிள்ளைகளின் வயது, அவர்களைப் பராமரிக்கப்போவோர், கணவனின் உடன்பாடு ஆகியன உள்ளூர் உத்தியோகத்தரால் உறுதிப்படுத்தப்படுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பிள்ளையை விட்டுச் செல்லும் தந்தையிடம் இத்தகைய அறிக்கை எதுவும் கோரப்படவில்லை. 1871ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் பதிவுச் சட்டம் வேலையாளின் நடத்தையைப் பொலிஸ் பதிவேட்டுக்கு உட்படுத்தியது. 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தாயின் குடும்பத்தைக் கிராம உத்தியோகத்தரின் மதிப்பீட்டுக்கு உட்படுத்தியது. ஊர்வம்பு அரசின் படிவமாக மாறியது எனலாம். அறிக்கை கிடைக்காதோர் சட்டவிரோத வழிகளை நாடவும், உத்தியோகத்தரிடமும் தரகரிடமும் தங்கிநிற்கவும் நேர்ந்தது.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமையை அறிவித்தது. அவ்வாண்டில் அனுப்பப்பட்ட பணம் ஏறத்தாழ 380 கோடி டொலராகச் சுருங்கியது. அதே ஆண்டிலேயே, 2013இன் பின் சவூதிக்கு 25 ஆக இருந்த பணிப்பெண்களின் குறைந்த வயதெல்லை 21 ஆக்கப்பட்டது. பிள்ளையின் வயதெல்லை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையென 2013இல் வாதிட்ட ஒழுக்கவியல், டொலர் தேவைப்பட்ட 2022இல் அவ்வாதத்தைக் கைவிட்டது. தாய்மை பற்றிய அரசின் கரிசனை எதனை அளவுகோலாகக் கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

8

பிள்ளைகளுக்கு நேரும் துன்பம் மெய்யானது. தாயின் நீண்டகாலப் பிரிவு ஏக்கத்தையும் பாதுகாப்பின்மையையும் உண்டாக்குவதை மறுப்பது முற்போக்காகாது. ஆனால் அத்துன்பத்தின் கடனாளி யார் என்பதே வினா. குவைத்திலுள்ள வீட்டின் பிள்ளை பராமரிக்கப்படுவதற்கு, வடகொழும்பிலுள்ள பிள்ளையின் பராமரிப்பு அம்மம்மாவின் ஊதியமற்ற உழைப்பாக மாற்றப்படுகின்றது. எசமானர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. அந்நியச் செலாவணியைப் பெறும் அரசும் கொடுப்பதில்லை. கோப்பித் தோட்டத்துரை தமிழ்க் கிராமத்திடம் பெற்ற இலவச மானியத்தையே இவர்களும் பெறுகின்றனர். செலுத்தப்படாத இச்செலவு எங்காவது கணக்கில் வரவேண்டும். அது தாயின் குற்றமாகக் கணக்கில் வருகின்றது.

பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கொரசோன் அக்கினோ 1988இல் புலம்பெயர் தொழிலாளரைப் புதிய வீரர்கள் எனப் போற்றினார். நம் நாட்டிலும் அவர்கள் 'ரட்ட விருவோ', அதாவது நாட்டின் வீரர்கள் எனப்படுகின்றனர். புகழ்மாலையும் பழிச்சொல்லும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், ஊதியம், காப்புறுதி, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசாதிருப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நம்மைப் போன்ற கற்றோர் வர்க்கமும் இவ்விசாரணைக்குப் புறம்பானதன்று. குவைத்துக்குச் சென்ற தாயின் பிள்ளைக்காக இரங்கும் கொழும்பு இல்லங்கள் பலவற்றின் அடுக்களையில், மலையகத்திலிருந்து வந்த பெண்களும் சிறுமியரும் உழைத்து வந்துள்ளனர். 2021 ஜூலையில், டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருவர் தாம் பணிபுரிந்த கொழும்பு இல்லமொன்றில் தீக்காயங்களுக்குள்ளாகி உயிரிழந்தபோதும், அவரை வேலைக்கு அனுப்பிய பெற்றோரை நோக்கி விரல்கள் நீண்டன. மாத வருமானத்தால் வாழ இயலாத தோட்டக் கூலியை நோக்கி நீண்டவை மிகச் சிலவே.

தொழிற்சங்க இயக்கம் துறைமுகத்தையும் தோட்டத்தையும் ஆலையையும் தன் களமாகக் கொண்டு வளர்ந்தது. பிறநாட்டு வீடொன்றின் அடுக்களையில் தனித்துழைக்கும் பெண்ணை அது தன் உறுப்பினராக எண்ணப் பிந்திவிட்டது. வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையே 2011இல்தான் நிறைவேற்றப்பட்டது. வேலை ஒப்பந்தத்தின் பாதுகாப்பு, மீண்டு வருவோருக்கான ஓய்வூதியம், தோட்டங்களிலும் நகரக் குடியிருப்புகளிலும் பொதுப் பிள்ளைபராமரிப்பு நிலையங்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோருக்கான கொடுப்பனவு ஆகியன இரக்கத்தால் வழங்கப்படும் உதவிகள் அல்ல. இத்தாய்மார் ஈட்டித் தந்த செல்வத்திலிருந்து அவர்களுக்குச் சேரவேண்டிய நிலுவையாகவே அவை கோரப்படல் வேண்டும்.

ஆய்வாளருக்கும் ஒரு கடமையுண்டு. கண்டிச் சீமைக்குச் சென்றோரின் பாடல்களை அவர்தம் காலத்திலேயே கேட்டுப் பதிந்தோர் மிகச் சிலராதலின், அவ்வரலாற்றின் பெரும்பகுதியைத் துரைமாரின் ஆவணங்களிலிருந்தே நாம் மீட்க வேண்டியதாயிற்று. ஒருகொடவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூதூரிலும் டயகமவிலும் வாழும் தாய்மாரும் அவர்களின் பிள்ளைகளை வளர்த்த முதியோரும் இன்று நம்மிடையே உள்ளனர். 'ஏன் போனாய்' என்று கேட்பதை விடுத்து, என்ன வேலை செய்தார், எவ்வளவு பெற்றார், எவ்வளவு பெறவில்லை, அக்காலத்தில் வீட்டைச் சுமந்தவர் யார் என்று கேட்டுப் பதிவுசெய்தல் நம்மால் இயலுவதாகும். அவ்வினாக்களுக்கான விடைகளிலிருந்தே புலம்பெயர் உழைப்பின் மெய்யான கணக்கு எழுதப்படுதல் கூடும்.